ஏழு நாள் கிட்டார்

நான் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பவன். வாங்குவதைவிட அதில்தான் எனக்குத் தேர்ச்சி அதிகம். சட்டை, செருப்பு, மின்விசிறி, ஒருமுறை ஒரு முழுக் கட்டில் என்று எத்தனையோ சாமான்களை ரசீதோடு கடைக்குத் திரும்பக் கொண்டு போயிருக்கிறேன். சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அது விருந்தாளிதான். வந்த பெட்டியை எறிய மாட்டேன். தொங்கும் அட்டையை அறுக்க மாட்டேன். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்கவே மாட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த நீலத் தாள் ஏழு வருடமாக அப்படியே கிடந்தது. அந்த ஃபிரிட்ஜை இனி எந்தக் கடைக்காரனும் திரும்ப வாங்க மாட்டான் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கை போகவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அந்தக் கதவைக் காட்டுவாள். "நல்ல வேளை, தாலிக்கு ரசீது குடுக்கல. குடுத்திருந்தா ஏழு நாளுக்குள்ள என்னையும் எங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டிருப்பாரு லா" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

தொழிலும் எனக்கு இப்படித்தான் வாய்த்தது. அடுக்குமாடிகளில் லிஃப்ட் பராமரிப்பது என் வேலை. புது புளோக்கில் லிஃப்டை ஓட விட்டதும் உள்சுவர் முழுக்கப் பலகை அடித்துவிடுவோம். குடிவருகிறவர்கள் கட்டிலும் அலமாரியும் ஏற்றி இடிப்பார்கள் அல்லவா, அதற்காக. எல்லோரும் குடியேறி முடித்த பிறகுதான் பலகையைக் கழற்றுவோம். அன்றைக்கு ஒரு பாட்டி "புது லிஃப்டா?" என்று கேட்பார். ஒரு வருடமாக அதில்தான் போய்வந்துகொண்டிருந்திருப்பார்.

இப்படிப்பட்டவன் ஐம்பத்தொரு வயதில் ஒரு கிட்டார்மீது ஆசைப்பட்டேன்.

கிட்டார் எனக்குப் புதிதில்லை. பத்தொன்பது வயதிலிருந்து வாசிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். கல்யாண விருந்து, சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். கீபோர்டு வாசிப்பவன் என் என்எஸ் கால நண்பன், கட்டாய ராணுவச் சேவையில் கிடைத்தவன். ஞாயிறு காலையில் அவன் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வாசிப்பான், சனிக்கிழமை மாலையில் எங்களோடு. நான் சுமாராக வாசிப்பேன். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. முப்பது வருடம் வாசித்தவனுக்குத் தன் அளவு தெரியும்.

நான் ஆசைப்பட்டது சிக்னேச்சர் மாடல் என்று சொல்வார்களே, அந்த வகை. புகழ்பெற்ற ஒரு கலைஞர் தன் கைக்கு ஏற்றபடி கிட்டாரைச் செய்யச் சொல்லி வாசிப்பார். கம்பெனி அதே அளவு, அதே வண்ணத்தில் இன்னும் பல செய்து, தலைப்பகுதியில் அவர் கையெழுத்தையும் பொறித்து விற்கும். இந்த மனிதரின் கையெழுத்து மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதுவது போல இருக்கும். படிக்க முடியாது. ஆனால் எனக்குப் பார்த்ததும் தெரியும்.

என்எஸ் முகாமில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் அந்தக் கீபோர்டு நண்பன் படுத்திருந்தான். அவனிடம் ஒரு வாக்மேன். காதில் வைக்கும் ஒயரை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டு கேட்போம். அவன் மேலே, நான் கீழே, நடுவில் ஒயர் தொங்கும். அப்படித்தான் அந்த மனிதரை முதலில் கேட்டேன். வேகமாகவெல்லாம் வாசிக்க மாட்டார். ஒரே ஒரு சுரத்தை எடுத்து, நிறுத்தி, அது தானாக ஓயும்வரை விட்டுவிடுவார். அடுத்ததுக்கு அவசரமே இருக்காது. பகல் முழுக்க "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டப்பட்ட எனக்கு அந்த அவசரமின்மை ரொம்பப் பிடித்துப்போனது. அதற்காகத்தான் கிட்டார் கற்றுக்கொண்டேன்.

அவர் பெயர் பொறித்த கிட்டார் சிட்டி ஹால் பக்கத்தில் ஒரு பழைய கடைத்தொகுதியின் மூன்றாம் மாடிக் கடையில் தொங்குவதைப் பார்த்தேன். இளம்பச்சை உடல், வெளிர் மரக் கழுத்து. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய் அரை மணி நேரம் வாசித்துவிட்டு, திரும்பத் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். கடைக்காரர் சீனர், கிட்டத்தட்ட என் வயது. கல்லாவுக்குப் பின்னால் சிவப்பு மாடத்தில் அவருடைய சாமி இருக்கும், அதன் முன்னால் எப்போதும் இரண்டு ஆரஞ்சுப் பழம். என்னை "பாஸ்" என்று கூப்பிடுவார். எதையும் வாங்கச் சொல்லி நச்சரிக்க மாட்டார். அதனாலேயே எனக்குச் சங்கடமாக இருந்தது.

விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது பெரிய தடை இல்லை. தடை வேறு. என் பழைய கறுப்புக் கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, சுவிட்ச் மட்டும் அடிக்கடி தளரும், அதற்கு ஒரு ரப்பர் பேண்டு. சரியாக வாசிக்காத நாள்களில் "இந்தச் சுவிட்ச் சனியன்" என்று திட்டிக்கொள்ளலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையே நேராக்கிவிட்டால் அப்புறம் எதைச் சொல்லித் தப்பிப்பது? அந்த மனிதரின் கிட்டாரே கையில் இருந்தும் என் வாசிப்பு அப்படியே சுமாராக இருந்தால், குறை யாருடையது என்பது நாலு பேருக்கு முன்னால் தெரிந்துபோகும். வெட்கமாக இருக்கும் என்று பயந்தேன்.

கீபோர்டு நண்பனிடம் சொன்னேன். "டேய், நீ என்ன கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்குற? ஆறு வாட்டி போயிட்ட. வாங்குடா, இல்லன்னா அந்தாளு ஒனக்கு வாடகை போடப் போறாரு" என்றான். அவனுக்கு எல்லாம் சுலபம். வாங்கிய அன்றே பெட்டியைக் குப்பையில் போடுகிற ஜாதி.

மனைவியிடம் சொன்னபோது அவள் பாலர் பள்ளிக்காக எழுத்து அட்டைகள் வெட்டிக்கொண்டிருந்தாள். தமிழாசிரியை அவள். கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"புடிச்சிருக்கு. ஆனா..."

"ஆனாவுக்கு அப்புறம் நீங்க சொல்றது எதையும் நான் கேக்கறதில்ல. மதில் மேல் பூனையாட்டம் இருக்காதீங்க. ஒண்ணு அந்தப் பக்கம் குதிங்க, இல்ல இந்தப் பக்கம் குதிங்க."

ஏழாவது முறை போனபோது கடைக்காரரே ஒரு வழி சொன்னார். வீட்டுக்குக் கொண்டு போ, ஏழு நாள் வைத்து வாசித்துப் பார். கீறல் இல்லாமல், தாள் உரிக்காமல் கொண்டு வந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன். வேறு யாருக்கும் இந்தச் சலுகை இல்லை, ஆனால் வாரா வாரம் நீ அந்த முக்காலியை அடைத்துக்கொள்கிறாய் என்றார். திருப்பிக் கொடுக்கலாம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் பாவிவிட்டது. உடனே சரி என்றேன். அன்று வியாழக்கிழமை, அதற்காகவே லீவு போட்டிருந்தேன். அன்றைய நாளையும் சேர்த்து எண்ணி, அடுத்த புதன் மாலை ஏழு மணி என்று ரசீதில் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எம்ஆர்டி ரயிலில் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பெட்டியையும் என் நரைத்த மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். "பையனுக்கா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே மகள், அவளுக்கோ கிட்டார் சத்தம் கேட்டாலே தலைவலி வரும்.

அன்று மாலை கிட்டாரின் ஒலிபெருக்கியான ஆம்ப்பைக் குறைந்த ஒலியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாசித்தேன். அந்தக் கழுத்து என் கைக்குள் வந்து உட்கார்ந்த விதத்தை எப்படிச் சொல்வது? முப்பது வருடமாக இறுக்கமான காலணியில் நடந்துவிட்டு ஒருநாள் சரியான அளவு கிடைத்தது போல. சந்தோஷமாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. இடுப்பு பெல்ட் கீறிவிடும் என்று பெல்ட்டைக் கழற்றி வைத்தேன். சட்டைப் பொத்தான் உரசும் என்று பனியனோடு வாசித்தேன். தந்திகளுக்குக் கீழே உடலில் பதித்த வெள்ளைத் தகட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. தந்தியை மீட்டும் பிக் அதில் பட்டால் கோடு விழும் என்று விரல் நுனியால் மட்டும் தந்தியைத் தொட்டேன். ஒவ்வொரு முறையும் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் எடுப்பேன். சனிக்கிழமை ஒத்திகைக்குப் பழைய கறுப்புக் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போனேன்.

"எங்க புதுசு?" என்றான் நண்பன்.

"வீட்டுல இருக்கு. இன்னும் முடிவு பண்ணல."

"அத எதுக்குடா வாங்குன, சாமி கும்பிடவா?"

அவன் வாய் முகூர்த்தம், அது அப்படியே நடந்தது. அதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் தேக்கா சந்தைக்குப் போனோம். சரஸ்வதி பூசைக்குச் சாமான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் வருடா வருடம் செய்வதுதான். அவரவர் தொழிலுக்கும் படிப்புக்கும் உரியதைப் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவோம். அன்று வைத்ததை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் எடுத்து, ஆளாளுக்குக் கொஞ்சம் வேலை தொடங்க வேண்டும். என் டெஸ்டரும் இரண்டு ஸ்குரூடிரைவரும் அதில் போகும். பழைய கறுப்புக் கிட்டாரும் போகும்.

பொரி, கடலை, வாழையிலை, வெற்றிலை என்று வாங்கிக்கொண்டே போனாள். பூக்கடையில் படத்துக்கு மாலை வாங்கிய பிறகு முழம் போட்டு விற்கும் மல்லிகைச் சரத்தில் தனியாக ஒன்று வாங்கினாள். "இது எதுக்கு?" என்றேன். "வேணும்" என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் மனசு கிட்டாரிடம் இருந்தது. பூசை புதன்கிழமை என்பது எனக்குத் தெரியும். கிட்டாருக்குக் கடைசி நாள் புதன்கிழமை என்பதும் தெரியும். ஆனால் முதலாவது, சமையலறைக் கதவில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் இருந்தது. இரண்டாவது, என் கைபேசியில் இருந்தது. இரண்டும் ஒரே புதன்தான் என்று அன்று என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் திருப்பிக் கொடுப்பதில் கெட்டிக்காரன் என்று சொன்னேனே, அந்தக் கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை முடிவெடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிடலாம். காரணங்களும் வரிசையாக வந்து நின்றன. பழையது போதும். இந்த வயதில் எதற்கு. மகளுக்கு ஓ லெவல் தேர்வு நடக்கிறது, வீட்டில் சத்தம் கூடாது. தொங்கும் அட்டையை நேராக்கி, பெட்டிக்குள் வைத்து மூடி, வாசல் பக்கம் சாய்த்து வைத்தேன். இப்படி முடிவெடுத்ததும் எனக்கு எப்போதும் நெஞ்சில் பாரம் இறங்கினாற்போல இருக்கும். கட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோதுகூட இருந்தது. இந்த முறை அது வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் சோபாவில் உட்கார்ந்து காத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை குவீன்ஸ்டவுனில் வேலை. பூசைக்கென்று என் கருவிகளை முந்தின நாளே மனைவியிடம் கொடுத்துவிட்டதால் கம்பெனியின் மாற்றுக் கருவிகளை வைத்துச் சமாளித்தேன். நாலு மணிக்கே அனுமதி கேட்டுக் கிளம்பினேன். கருவிகளைக் கொடுத்தபோதுதான் பூசையும் கடைசி நாளும் ஒரே புதன் என்று உறைத்திருந்தது, ஆனாலும் என் கணக்கு எளிமையானது. ஐந்து மணிக்கு வீடு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஆறரைக்குக் கடை, எட்டு மணிக்குத் திரும்பி வந்து பூசை.

கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை. செருப்பைக் கழற்றும் இடத்தில் கிட்டார்ப் பெட்டி இருந்தது. திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கூடத்தில் படத்துக்கு முன்னால் எல்லாம் அடுக்கியிருந்தது. மனைவியின் எழுத்து அட்டைகள், வண்ணப் பேனா டப்பா. என் டெஸ்டர், ஸ்குரூடிரைவர். மகள் தன் தமிழ்ப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்திருந்தாள். தமிழ்த் தேர்வை ஜூன் மாதமே எழுதி முடித்துவிட்டாள், வேதியியல் புத்தகத்தை ஒரு நாள் பிரிந்திருக்க அவளுக்குத் துணிவில்லை. பின்னால் என் கறுப்புக் கிட்டார் படுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நின்றது இளம்பச்சைக் கிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மல்லிகைச் சரம் அதன் கழுத்தில். அந்த மனிதரின் கையெழுத்துக்குச் சற்று மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், சந்தனமும் அதன்மேல் வட்டமாகக் குங்குமமும்.

"என்ன இது?" என்றேன்.

"சரஸ்வதி பூசை" என்றாள் மனைவி.

"அது தெரியுது. கிட்டார் எதுக்கு அங்க?"

"வாத்தியம் வேற எங்க இருக்கும்?"

"அது நம்மளது இல்ல! இன்னிக்கு ஏழு மணிக்குள்ள கடையில குடுக்கணும்!"

"தெரியும். ரசீத ஃபிரிட்ஜ் மேலதானே ஒட்டி வச்சிருக்கீங்க. தெனமும் பால் எடுக்கறப்போ படிக்கறேன்."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சே செஞ்சியா?"

"தெரிஞ்சேதான் செஞ்சேன்."

எடுத்துக்கொண்டு ஓடலாம், நேரம் இருக்கிறது. ஆனால் பொட்டு வைத்து விளக்கேற்றியாகிவிட்டது. எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. கோயிலில் மனசு பாதி நேரம் காலணியைத் தேடிக்கொண்டிருக்கும். ஆனாலும் கல்யாணமான இந்த இருபத்து மூன்று வருடத்தில் பூசையில் வைத்த என் டெஸ்டரை அன்றைக்குத் தொட்டதில்லை. நாளும் பொழுதும் இரும்புக் கயிற்றில் தொங்கும் பெட்டிகளோடு வேலை செய்கிறவன் இந்த விஷயத்தில் துணிச்சல் காட்ட மாட்டான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"ஏன் இப்படிப் பண்ணின?" என்று கேட்டேன். அவள் விளக்கின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"போன வியாழக்கெழம அத வாசிச்சிக்கிட்டே நீங்க பாடினீங்க. தெரியுமா?"

"பாடினேனா?"

"நான் அடுப்ப அணைச்சிட்டு நின்னு கேட்டேன். நம்ம பொண்ணு பாலர் பள்ளிக்குப் போன காலத்துல கடைசியாப் பாடினீங்க. அப்புறம் அன்னிக்கி வரைக்கும் இல்ல. வெள்ளிக்கெழமலேருந்து மறுபடியும் வாயத் தொறக்கல. எது கீறும், எது அழுக்காகும்னு பாக்கறதுக்கே உங்களுக்கு நேரம் சரியாப் போச்சு." கிட்டாரைக் காட்டிச் சொன்னாள், "சட்டையத் திருப்பிக் குடுங்க, கட்டிலத் திருப்பிக் குடுங்க. உங்களப் பாட வச்சத எப்படிங்க திருப்பிக் குடுப்பீங்க?"

பாடியது எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

பால்கனிக்குப் போய்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன். எப்படி விளக்குவது என்று தெரியாமல், என் மனைவி கிட்டாரைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டாள், நாளைக் காலை வரை எடுக்க முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கேலி செய்யப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். பழம் வைத்தாயிற்றா என்று கேட்டார். வைத்தாயிற்று என்றேன். அப்படியென்றால் தொடாதே பாஸ், கும்பிடுகிற விஷயத்தில் நான் யாரையும் அவசரப்படுத்த மாட்டேன், நாளைக்கு ஒரு நாள் கூடுதலாகத் தருகிறேன் என்றார். பிறகு அவரும் ஏதோ நினைத்துக்கொண்டு, எந்தச் சாமி என்று விசாரித்தார். படிப்புக்கும் இசைக்கும் உரியவள் என்றேன். நல்லது, என் கடைக்கும் சேர்த்துக் கும்பிடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே வந்து கும்பிட்டேன், அவர் கடைக்கும் சேர்த்து. சுண்டல் தின்றேன். மகள் சுண்டலோடு வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். போகும்போது, "அப்பா, அதுக்கு உங்களவிட அலங்காரம் நல்லா இருக்கு" என்றாள்.

மறுநாள் விஜயதசமி. வேலைக்குப் போகுமுன் மூன்று பேரும் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம். மகள் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் சத்தமாக வாசித்தாள், வேகமாக, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் போல. மனைவி ஒரு வெள்ளை அட்டையில் பெரிதாக 'அ' எழுதினாள். நான் டெஸ்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. அடுத்தது கிட்டார்.

மல்லிகைச் சரத்தைக் கழற்றினேன். ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தேன். குங்குமக் கறை மரத்தில் ஊறியிருக்கும், இனி திருப்பிக் கொடுக்கவே முடியாது என்றுதான் முந்தின இரவு முழுக்க நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு ரகசியமான நிம்மதியும் இருந்தது. என் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் பொட்டு செய்த வேலை என்று இருந்துவிடலாம். ஆனால் துணியை எடுத்துப் பார்த்தால் மரம் பளிச்சென்று இருந்தது. வார்னிஷ் போட்ட மரம், ஒரு பொட்டுச் சிவப்புகூட ஒட்டவில்லை. கீறல் இல்லை, கறை இல்லை, தாள் உரியவில்லை. கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

மனைவியும் அதைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியதை நான் கவனித்தேன். எழுந்து, அட்டைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சும்மா கொஞ்சம் வாசிச்சிட்டுக் கொண்டு போங்க. ரசீது ஃபிரிட்ஜ் மேல இருக்கு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. பழகியவள் போலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டில் நான் எத்தனை ரசீதுகளை நீட்டியிருந்தால் ஒருத்திக்கு அந்தக் குரல் வந்திருக்கும்!

மடியில் இருந்த கிட்டாரைத் திருப்பி, வெள்ளைத் தகட்டின் ஓரத்தில் கட்டை விரல் நகத்தைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் தாளின் முனை கிளம்பியது. பிடித்து இழுத்தேன். சர்ரென்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மனைவி திரும்பினாள். என் கையில் தொங்கிய தாளைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

ஆம்ப்பைப் போட்டேன். பெல்ட் இடுப்பில்தான் இருந்தது. பிக்கை எடுத்து, அந்த ஒரு சுரத்தை, முகாம் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டதை, எடுத்து நிறுத்திப் பார்த்தேன். அவருடையது போலெல்லாம் வரவில்லை. ஓரத்தில் கொஞ்சம் நடுங்கியது, என் கறுப்புக் கிட்டாரில் நடுங்குவது போலவே. சுவிட்சைத் திட்ட வழியில்லை. நான்தான். நினைத்த அளவுக்கு வெட்கமாகவும் இல்லை. இரண்டாவது முறை வாசித்தபோது பாடிக்கொண்டிருந்தேன், இந்த முறை தெரிந்தே.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிய மகள் வாசலில் நின்றாள். என்னையும் தரையில் கிடந்த தாளையும் பார்த்துவிட்டு, "அப்பா, அப்போ ஃபிரிட்ஜ்?" என்றாள்.

"போய் உரி" என்றேன்.

காலணியோடே உள்ளே ஓடினாள். சமையலறையிலிருந்து நீளமாக ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் "அம்மா, இங்க வாங்களேன்!" என்று கத்தினாள். நானும் கிட்டாரை மாட்டியபடியே எழுந்து போனேன். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம். ஏழு வருடமாக நீலமாகவே பார்த்துப் பழகிய எங்கள் ஃபிரிட்ஜ் நல்ல வெள்ளி நிறம்.